உடற்கூற்றியலில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டேன்: தொழில்வழிச் சிகிச்சை படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

வாவிக்கரையாள் (களுவாஞ்சிக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். தொழில்வழிச் சிகிச்சை (நோயாளி அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) முதலாம் ஆண்டு மாணவி நான். விடுமுறைக்கு ஊருக்கு வந்து பத்து நாளாகிறது, புத்தகத்தைத் திறந்தது இரண்டு நாள்தான். உடற்றொழிலியல் (உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற பாடம்) எப்படியோ தேறிவிட்டது. உடற்கூற்றியல் (உடம்பின் அமைப்பைப் பற்றிய பாடம்) இரண்டாவது தடவையும் போய்விட்டது.

என்னை வீழ்த்தியது எழுத்துத் தாள் அல்ல, ஸ்பொட் பரீட்சை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேசை மேசையாக எலும்பு, பதப்படுத்திய கை, தோள் என்று வைத்திருப்பார்கள். ஏதாவது ஒரு நரம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதன் பெயர் என்ன, எந்தத் தசைகளுக்குப் போகிறது, அறுந்தால் நோயாளியால் எதைச் செய்ய முடியாது என்று மூன்று கேள்வி. மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். நான்காவது மேசையில் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கும் அதே நூல். நரம்பின் பெயர் வரவேயில்லை. மணி அடித்துவிட்டது.

உயர்தரம் தமிழில் படித்தவள். முன்கை எலும்புகளான ஆரை, அரந்தி, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண், சிறுமூளையான மூளி என்றால் நித்திரையிலும் சொல்வேன். இங்கே எல்லாம் ஆங்கிலம், அதற்குள் இலத்தீன். மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு. பாடமாக்கினால் மூன்று நாள் நிற்கிறது, நான்காம் நாள் ஆறுதான் மீதி. மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள்ளால் (மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் உள்ள குறுகிய வழி) கைக்குப் போகும் மீடியன் நரம்பும் அல்னார் நரம்பும் போகின்றன என்று நேற்றுத்தான் குறிப்பு எழுதினேன். அதுவும் நாளைக்கு இருக்குமோ தெரியாது.

நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? இவ்வளவும் வேலையில் உதவுகிறதா, பரீட்சையோடு சரியா?

மாமாங்கத்தான் (மட்டக்களப்பு)

தங்கச்சி, அந்தக் குறிப்பை மறந்தால் நல்லது, ஏனென்றால் அது பிழை. அல்னார் நரம்பு மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் போவதில்லை. சுரங்கத்தின் கூரைக்கு வெளியே, சின்ன விரல் பக்கமாகத் தனி வழியில் போகிறது. உள்ளே போவது மீடியன் நரம்பு ஒன்றும் தசைநாண்கள் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) ஒன்பதும்: விரல் மடக்கும் இரண்டு தசைகளிலிருந்து நான்கு நான்காக எட்டு, பெருவிரலுக்கு ஒன்று. அதனால்தான் சுரங்கம் நெருக்குப்பட்டால் பெருவிரலிலிருந்து நடுவிரல் வரையும் மோதிர விரலின் பாதியும் விறைக்கின்றன. சின்ன விரலுக்கு ஒன்றும் நேராது. சின்ன விரல் விறைக்கிறது என்று ஒருவர் வந்தால் பார்க்க வேண்டிய இடம் வேறு.

நான் மருத்துவ மாணவன். பாடமாக்காமல் தப்ப எந்தக் குறுக்கு வழியும் இல்லை. ஒரு வெற்றுத் தாளை எடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல், புயநரம்புப் பின்னலை (கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் சேர்ந்து பிரியும் வலை) ஒவ்வொரு நாளும் காலையில் வரையுங்கள். இருபது நாள். இருபத்தோராம் நாள் கை தானாக வரையும். ரசித்துப் படிக்கிறேன், விளங்கிப் படிக்கிறேன் என்பவர்களை எல்லாம் மறுபரீட்சையில் சந்தித்திருக்கிறேன்.

பாலத்தடி அக்கா (கல்லடி)

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தம்பி சுரங்கத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படிக்கும் முறையில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது.

வைத்தியருக்கு நரம்பில் தொடங்கிக் கைக்குப் போவது பொருந்தலாம். நம்மிடம் வருகிறவர் நரம்பைப் பற்றிக் கேட்பதில்லை. “பிள்ளை, தேங்காய் திருவ முடியவில்லை” என்பார். அங்கிருந்து பின்னோக்கிப் போகத் தெரிய வேண்டும்.

இன்றைக்கு வீட்டில் திருவலையில் யாராவது உட்காரும்போது பக்கத்தில் போய் இருங்கள். சிரட்டையை உள்ளங்கை பொத்திப் பிடிக்கிறது. பல்லின் மேல் அழுத்தி உருட்டும்போது முன்கை உள்ளேயும் வெளியேயும் திரும்புகிறது. இந்தத் திருப்பத்தில் உங்கள் அரந்தி அசையாமல் நிற்கிறது, ஆரைதான் அதற்குக் குறுக்கே புரண்டு வருகிறது. உங்கள் கையிலேயே தொட்டுப் பாருங்கள். முழங்கையை மடித்து வைத்துக்கொண்டு உள்ளங்கையை மேலே திருப்பினால் மேற்கையில் இருதலைத் தசை கல்லுப் போல எழும்பும். அது முழங்கையை மடக்கும் தசை என்று மட்டும் பாடமாக்கியவர்களுக்கு இந்த இரண்டாவது வேலை பரீட்சை மண்டபத்தில் ஞாபகம் வராது.

இன்னொன்று. சிரட்டையை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சற்றுப் பின்னால் நிமிர்ந்து இருக்கும். மணிக்கட்டை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு எதையாவது இறுக்கிப் பாருங்கள், பிடி இளகிப்போகும். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞன் வந்தான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், இருக்கையின் முதுகுச் சட்டத்துக்கு மேலால் கையைத் தொங்கவிட்டுத் தூங்கியபடியே மட்டக்களப்புக்கு வந்து இறங்கியிருக்கிறான். கீழே இறங்கியபோது பை கையில் நிற்கவில்லை. மணிக்கட்டு செத்த கோழியின் கழுத்துப் போல விழுந்து கிடந்தது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்குப் போகும் ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைச் சுற்றி ஒரு பள்ளத்தில் எலும்போடு ஒட்டியே போகிறது, அந்த இடத்தில் சட்டம் அழுத்தியிருக்கிறது. விரலை மடக்கும் தசைகளுக்கு எந்தக் குறையும் இல்லை, இருந்தும் பிடி இல்லை. மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்பிளின்ட் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) செய்து போட்டதும் அங்கேயே பேனாவைப் பிடித்துக் கையெழுத்து வைத்தான். சில வாரத்தில் நரம்பும் தேறிவிட்டது.

அந்தச் சிவப்பு நூல் எந்த நரம்பில் இருந்தது, தங்கச்சி?

வாவிக்கரையாள்

அக்கா, ரேடியல்தான். அதே பள்ளத்தில்தான் கட்டியிருந்தார்கள். வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது ஞாபகம் வந்தது.

கல்முனைக் காக்கா (கல்முனை)

நான் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பக்கம். எங்களையும் உங்களையும் ஒன்றாகவே நினைக்கும் ஊர் இது. ஆனால் உங்கள் நிலைமை இன்னும் மோசம். “தொழில்வழி” என்ற பெயரைப் பார்த்துவிட்டு மகனுக்கு வேலை எடுத்துத் தருவீர்களா என்று விண்ணப்பத்தோடு வந்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, வலை பின்னுவது எல்லாமே இங்கே தொழில்தான் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கைதான் எங்கள் பாடம், கால் உடற்பயிற்சிக்காரர்களின் பாடம் என்று காலைத் தட்டிக்கழிப்பது. மருதமுனைக்கு ஒரு தடவை வந்து கைத்தறியைப் பாருங்கள். குழித்தறியில் இருப்பவரின் கால் இரண்டும் மிதிகட்டையில் மாறி மாறி வேலை செய்கின்றன. கணுக்கால் விறைத்துப்போன நெசவாளிக்குக் கை எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை. அதை விடுங்கள். இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு வாப்பா வீட்டுக்குப் போகிறார். பின்பக்கமாகத் திறந்து செய்த சத்திரசிகிச்சை என்றால் தொடையை 90 பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் இருப்பதோ குந்தி இருக்கும் கழிவறை. குந்தினால் இடுப்பு எத்தனை பாகை மடியும் என்று தெரியாதவர் அந்த வீட்டுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பார்?

வாய்க்கால் வரம்பு (நாவிதன்வெளி)

நானும் மாணவன்தான், ஒரு வருடம் முன்னால் போகிறேன். மாமாங்கத்தான் அண்ணன் சொன்ன புயநரம்புப் பின்னலை நானும் பாடமாக்கித் தோற்றவன். கடைசியில் அப்பாவோடு வயலுக்குப் போன ஒரு நாளில்தான் பிடிபட்டது.

சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துத் தண்ணீர் எங்கள் பக்கம் எப்படி வருகிறது? வாய்க்கால்கள் பிரிந்து, சில இடத்தில் சேர்ந்து, மறுபடி பிரிந்து வயலுக்கு வருகின்றன. பின்னலும் அதுதான். கழுத்தில் ஐந்து மடை: ஐந்தாவது கழுத்து நரம்பிலிருந்து முதலாவது நெஞ்சு நரம்பு வரை. அவை சேர்ந்து மூன்றாகின்றன. ஒவ்வொன்றும் முன், பின் என்று பிரிந்து ஆறாகின்றன. ஆறும் மறுபடி கூடி மூன்று. கடைசியில் ஐந்து கிளை. பின்னால் பிரிந்த மூன்றும் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து ரேடியலுக்கும் தோளைச் சுற்றும் நரம்புக்கும் போகின்றன. ஆகவே கையை நிமிர்த்தும் தசைகள் எல்லாம் ஒரே வாய்க்காலில் குடிக்கின்றன. இது புரிந்த பிறகு பாதியைப் பாடமாக்கவே தேவைப்படவில்லை.

மோட்டார் சைக்கிளில் விழுந்து கழுத்தும் தோளும் இழுபட்டு வருகிறவர்களைப் பார்த்தால் இது உதவுகிறது. மேல் இரண்டு மடை அடைபட்டால் தோள் எழும்பாது, முழங்கை மடியாது, ஆனால் விரல் வேலை செய்யும். கீழே ஒரு கிளை மட்டும் அறுந்தால் அந்த ஒரு வயல்தான் காயும். எந்த வயல் காய்ந்திருக்கிறது என்று பார்த்து எந்த மடை என்று சொல்வதற்கு அப்பா பல்கலைக்கழகம் போகவில்லை.

உடற்றொழிலியலையும் விட்டுவிடாதீர்கள். சூடடிக்கும் இயந்திரத்தில் முழங்கையடியில் அல்னார் நரம்பு அறுந்து தைத்த ஒருவர், விரல் எப்போது வரும் என்று வாரா வாரம் கேட்பார். நரம்பு வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். முழங்கையிலிருந்து கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் வரை 30 சென்டிமீற்றர் என்றால், எல்லாம் நன்றாக நடந்தாலும் பத்து மாதம். அதற்குள் மூட்டு விறைக்காமல் பார்ப்பதுதான் நமது வேலை. கணக்குத் தெரியாதவன் “விரைவில் சரியாகிவிடும்” என்று சொல்லிவிடுவான்.

மாமாங்கத்தான்

வாய்க்கால் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி, நீங்கள் அதை வயலில் கண்டுபிடித்தது ஏற்கெனவே பாடமாக்கித் தோற்ற பிறகு. பெயர்கள் தலைக்குள் இருந்தபடியால்தான் வாய்க்காலில் பொருத்த முடிந்தது. பெயரே தெரியாதவன் வயலுக்குப் போனால் நெல்லைத்தான் பார்ப்பான்.

பாலத்தடி அக்கா

அதில் உண்மை இருக்கிறது. நான் வரையவே வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. வரைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் கோபம்.

ஓர் உதாரணம், இது கொஞ்சம் நீளும். தென்னை மரத்திலிருந்து விழுந்து முண்ணாண் ஆறாவது கழுத்து மட்டத்தில் அடிபட்ட ஒருவர். மணிக்கட்டை நிமிர்த்த முடியும், விரல்களை மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. வீட்டில் மனைவி, அக்கா, தாய் மூவரும் அன்பாக, முறை வைத்து, காலையும் மாலையும் எண்ணெய் பூசி அவருடைய விரல்களையும் மணிக்கட்டையும் ஒன்றாகப் பின்னால் வளைத்து நீட்டிவிட்டார்கள். விரல் விறைக்கக் கூடாதாம். மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தபோது விரல்கள் துணி போலத் தொங்கின.

இதில் என்ன பிழை? விரலை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. அவற்றைச் சற்றுக் குட்டையாகவே விட்டிருந்தால், மணிக்கட்டை நிமிர்த்தும்போது அவை இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும், பெருவிரல் சுட்டுவிரலில் வந்து படும். செத்த தசையை வைத்துக்கொண்டே ஒரு கரண்டியை, ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கிவிடலாம். மணிக்கட்டும் விரலும் ஒரே நேரத்தில் நீட்டப்படாமல் இருந்தால் போதும். ஒன்றை நீட்டும்போது மற்றதை மடித்து வைத்தால் மூட்டும் விறைக்காது, இந்தப் பிடியும் போகாது. அந்தப் பெண்கள் மூவருக்கும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன்.

கல்முனைக் காக்கா

முண்ணாண் என்றதும் ஒன்று. ஆறாவது நெஞ்சு மட்டத்துக்கு மேலே அடிபட்ட ஒருவரைச் சக்கர நாற்காலியில் இருத்திப் பழக்கும்போது திடீரென்று தலையிடி என்கிறார், முகம் சிவந்து வியர்க்கிறது. பயிற்சிக்கு வந்த பிள்ளை களைப்பு என்று நினைத்துப் படுக்க வைக்கப் போனது. படுக்க வைக்கக் கூடாது! அடிபட்ட மட்டத்துக்குக் கீழே ஏதோ உறுத்துவதால் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, நிமிர்த்தி இருத்தி வைக்க வேண்டும். இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, காரணத்தைத் தேட வேண்டும். அன்றைக்குச் சிறுநீர்க் குழாய் நாற்காலியின் சில்லுப் பக்கம் மடிந்து கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிரம்பியது, தலையிடி இறங்கியது. இறங்காவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். இந்த ஆட்களுக்கு வழக்கமான அழுத்தமே குறைவு. அதனால் கருவியில் 130 என்று காட்டினால் நமக்குச் சாதாரணம், அவருக்கு ஆபத்தாக இருக்கலாம். உடற்றொழிலியல் “எப்படியோ தேறிவிட்டது” என்றீர்களே தங்கச்சி, அந்த “எப்படியோ”வைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள்.

ஓட்டமாவடிப் பஸ் (ஓட்டமாவடி)

மன்னிக்கவும், நான் இந்தப் படிப்பு எதுவும் படித்தவன் அல்ல. என் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. இடது தோளில் சரியான நோ. கட்டிலில் இருந்து எழுப்பும்போது நானும் தம்பியும் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத்தான் தூக்குகிறோம். தோளுக்குக் கீழே விரல் வைக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் தெரிகிறது. அது என்ன?

பாலத்தடி அக்கா

தம்பி, முதலில் கக்கத்தில் பிடித்துத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம்.

தோள் மூட்டு பீரிசின் (கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டின்) மேல் தோடம்பழம் வைத்ததுபோல. பழம் பெரிது, பீரிசு சிறிது, ஆழமும் இல்லை. பழம் விழாமல் வைத்திருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள நான்கு சின்னத் தசைகள்தான். பாரிசவாதத்தில் அவை தளர்ந்துவிட்டன. கையின் பாரம் பழத்தைக் கீழே இழுக்கிறது, நீங்கள் பார்த்த பள்ளம் அதுதான். கதிரையில் இருக்கும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள், கை தொங்கக் கூடாது. எழுப்பும்போது இடுப்புப் பட்டியில் அல்லது தோட்பட்டை எலும்பின் பின்னால் கையை வைத்துத் தாங்குங்கள். அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் சிகிச்சைப் பிரிவில் நேரில் காட்டிப் பழகிக்கொள்ளுங்கள், எழுத்தில் சொல்வது போதாது.

மாணவர்களுக்கு: கையை முழுதாக 180 பாகை உயர்த்தும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 60 பாகை, தோட்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. அது சுழலாதபோது கையை மட்டும் மேலே இழுத்தால் நடுவில் நசுங்குவது அந்த நான்கு சின்னத் தசைகளில் ஒன்றின் தசைநாண்.

பழைய தோணி (மட்டக்களப்பு)

ஓய்வுபெற்றவன் நான். எங்கள் வாவிக்குள்ளே மாந்தீவு இருப்பதும் அங்கே தொழுநோய் வைத்தியசாலை இருந்ததும் இந்தத் தலைமுறைக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. அல்னார் நரம்பைப் படிக்க வேண்டிய ஊர் இது.

முழங்கையை எதிலாவது இடித்தால் சின்ன விரல் வரை சுரீர் என்று அடிக்கிறதே, அந்த இடத்தில் விரலை வைத்து உருட்டிப் பாருங்கள். நூல் போல ஒன்று அகப்படும். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்பு அதற்கு வசதி. அங்கே நரம்பு கயிறு போலத் தடித்திருந்தால், கையில் உணர்ச்சியில்லாத தேமலும் இருந்தால், மோதிர விரலும் சின்ன விரலும் கொக்கி போல மடங்கத் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடலாம். மருந்து இருக்கிறது, நோய் மாறும். செத்துப்போன உணர்ச்சி மட்டும் பெரும்பாலும் திரும்புவதில்லை.

நோவு தெரியாத கை என்றால் என்ன என்று ஒரு தாய் எனக்குக் காட்டினார். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார். தோல் கருகிய மணம் எனக்குத்தான் முதலில் வந்தது.

வாவிக்கரையாள்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக எழுதவில்லை, ஏனென்றால் படித்துக்கொண்டிருந்தேன். மாமாங்கத்தான் அண்ணன், காலையில் பின்னல் வரைகிறேன், இன்றைக்கு இரண்டு பிழை மட்டும். தம்பியின் கையில் பேனாவால் நரம்பெல்லாம் கீறிவிட்டேன், பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம், அம்மாவிடம் எனக்கு ஏச்சு.

பாலத்தடி அக்கா சொன்னபடி அம்மம்மா இறால் உரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடது கை இறாலைப் பிடிக்கிறது, வலது கையில் சின்னக் கத்தி. ஆனால் அவர் பெருவிரல் நுனியால் கிள்ளிப் பிடிப்பதில்லை. கத்தியை மற்ற நான்கு விரல்களுக்குள் பொத்திக்கொண்டு, பெருவிரலைப் பக்கவாட்டில் சும்மா வைத்திருக்கிறார். பெருவிரலின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பு சதுரமாகப் புடைத்து நிற்கிறது. கேட்டால் “அது கன காலமாக இருக்கிறது” என்கிறார். எந்த நரம்பு அக்கா?

பாலத்தடி அக்கா

நரம்பே இல்லை. மூட்டு. மணிக்கட்டின் எட்டு எலும்பில் பெருவிரலைத் தாங்குவது டிரபீசியம். அதற்கு மேல் பெருவிரல் எலும்பு குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் பெருவிரல் எல்லாப் பக்கமும் திரும்புகிறது. அந்தச் சேணம் தேய்ந்திருக்கும் போல. நுனியால் ஒரு கிலோ பலத்தில் கிள்ளினால் அடி மூட்டில் அது 12 மடங்கு வரை பெருகுகிறது. அம்மம்மா கிள்ளுவதைத் தானாகவே விட்டுவிட்டார், பாருங்கள். வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுங்கள். அதுவரை கத்திப் பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள், தடித்த பிடிக்கு இறுக்கம் குறைவாகவே தேவை.

வாவிக்கரையாள்

சுற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே கழற்றி எறிந்துவிட்டார். துணியில் இறால் நாற்றம் ஏறுகிறதாம், கழுவினால் காயவில்லையாம். பழைய சைக்கிளின் கைப்பிடி இறப்பர் ஒன்று கிடக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கவா?

பாலத்தடி அக்கா

போடுங்கள். ஆனால் ஈரக் கையில் வழுக்குகிறதா என்று முதலில் நீங்கள் பத்து இறால் உரித்துப் பாருங்கள்.